கேமராவுக்கு அல்வா கொடுக்கும் சட்டை!

'ப்ரிடேட்டர்' படம் பார்க்காதவங்க கை தூக்குங்க பார்ப்போம். 1987ல வந்த படம்தான். ஆனா டப்பிங் சேனல்களின் புண்ணியத்துல மூணு தலைமுறை பார்த்தாச்சு. வேற்றுக்கிரக வில்லனின் கண்ணுக்கு வெப்பம்தான் தெரியும். அர்னால்டு உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கிட்டு வேரோடு வேராக ஒட்டிக் கிடப்பார். வில்லன் பக்கத்திலேயே வந்து நின்னுட்டு, ஆளைத் தெரியாம திரும்பிப் போவான். தியேட்டரே மூச்சை அடக்கிக்கிட்ட சீன் அது.

இந்த வாரக் கடிதம் அந்த சீனைப் பற்றித்தான். உப்பிலியபுரத்திலிருந்து துறையூர் வழியா தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் படிக்கப் போகும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். "எங்க ஊர் வயல்ல சேறுக்குப் பஞ்சமே இல்ல சார். அதைப் பூசிக்கிட்டா நிஜமாவே தெர்மல் கேமராவுக்குத் தெரியாம தப்பிச்சுடலாமா?" கீழே சின்ன எழுத்தில் ஒரு பின்குறிப்பு: "தங்கச்சிக்கு டெக்ஸ்டைல் டெக்னாலஜிதான் கிடைக்கும்போல இருக்கு. 'துணி நெய்யறதுக்கு எதுக்கும்மா நாலு வருஷப் படிப்பு'ன்னு அப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்றது?"

கேள்வி ரெண்டு. ஆனா ரெண்டுக்கும் பதில் ஒரே சட்டைக்குள்ள இருக்கு. வாங்க.

முதல்ல சேறு. ஒரு பத்து இருபது நிமிஷம் வேணும்னா தப்பிக்கலாம். ஈரச் சேறு காயும்போது குளிர்ச்சி கொடுக்கும், அவ்வளவுதான். அது காயக் காய உங்க உடம்புச் சூடு அதுக்குள்ள ஏறி, சேறே உங்க உருவத்துல ஜொலிக்க ஆரம்பிச்சுடும். அதுக்கப்புறம் நீங்க சேறு பூசின பல்பு!

ஏன் ஜொலிக்கணும்? சூடு உள்ள எல்லாப் பொருளும் ஒளியை விட்டுக்கிட்டேதான் இருக்கு. நம்ம தோலின் சூடு சுமார் 34 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டுக்கு ஒளி அதிகமா வருவது ஒன்பதரை மைக்ரான் அலைநீளத்தில். நம்ம கண் 0.7 மைக்ரானோடு கடையைச் சாத்திடும். தெர்மல் கேமரா 8லிருந்து 14 மைக்ரான் வரைக்கும் பார்க்கும். கும்மிருட்டானாலும் கவலையில்லை, ஏன்னா விளக்கு நாமதான். கோவை மதுக்கரை காட்டில் ரயில் பாதைக்கு வரும் யானைகளைக் காப்பாற்ற 2024 பிப்ரவரியில் கண்காணிப்புக் கோபுரங்கள் தொடங்கி வெச்சாங்களே, அதிலும் இதே ரகக் கேமரா இருக்கு. யானைக்கு அது நல்ல சேதி. எல்லையில் ராத்திரி ரோந்து போகும் ஜவானுக்கு அப்படியில்லை. உக்ரைன் போரில் 2022லிருந்து சின்னச் சின்ன ட்ரோன்கள்கூட இந்தக் கேமராவைத் தூக்கிக்கிட்டுப் பறக்குது. இருட்டு ஒரு காலத்துல சிப்பாய்க்குப் போர்வையா இருந்துச்சு. இப்போ இருட்டில்தான் அவர் பளிச்சுன்னு தெரியறார்.

சரி, இந்த ஒளியை மறைக்க முடியுமா? முடியும். உங்க வீட்டுச் சமையலறையிலேயே அதுக்கு ஒரு சாட்சி இருக்கு. எவர்சில்வர் டம்ளர்.

2020ல கொரோனா சமயத்துல கடை வாசல்ல நெற்றியில் துப்பாக்கி மாதிரி நீட்டினாங்களே, அந்த தெர்மாமீட்டர் ஞாபகம் இருக்கா? எங்கேயாவது அலமாரியில தூங்கிட்டு இருக்கும், எடுங்க. 70 டிகிரியில் ஆவி பறக்கும் காபி, பளபளப்பான டம்ளரில். அறையின் சூடு 30 டிகிரின்னு வெச்சுக்குவோம். கணக்குப் போட்டா, டம்ளரின் வெளிப்பக்கம் அந்தத் துப்பாக்கிக்கு சுமார் 37 டிகிரி மாதிரிதான் தெரியும். கையை வெச்சா பொத்துப்போகும், கருவியோ 'லேசா வெதுவெதுப்பு'ங்குது! காரணம், பளபளப்பான உலோகம் தன் சூட்டை ஒளியாக வெளியே விடுவதில் மகா கஞ்சன். நூற்றுக்குப் பத்து, பதினைந்துதான் விடும். மீதிக்கு எதிரில் இருக்கும் சுவரின் ஒளியை வாங்கித் திருப்பி அடிச்சுடும். கருவி பார்ப்பது பெரும்பாலும் சுவரைத்தான். இந்தத் தாராளத்தை இயற்பியலில் 'உமிழ்திறன்' என்பார்கள். தோலுக்கு 0.98. கிட்டத்தட்ட கர்ணன். மண்பானை, சேறு, பருத்தித் துணி எல்லாமே அந்தப் பரம்பரைதான். அதனாலதான் அர்னால்டு வித்தை நீடிக்காது.

உடனே உங்களுக்கு என்ன தோணும்? "அப்போ அலுமினியத் தாள்ல சட்டை தெச்சுட்டா மேட்டர் முடிஞ்சுதே!" கேமராவைப் பொறுத்தவரை பாதி முடிஞ்சுது. உள்ளே இருக்கிற ஆளும் முடிஞ்சார். அதுதான் சிக்கல்.

சும்மா உட்கார்ந்திருந்தாலே மனுஷ உடம்பு 100 வாட் சூட்டை வெளியே தள்ளுது. பழைய குண்டு பல்பு ஒண்ணு. முதுகில் மூட்டையோடு மேடேறும் சிப்பாய் 400, 500 வாட் தள்ளுவார். இந்தச் சூடு எங்கேயாவது போயே ஆகணும். வெளியே 38 டிகிரி வெயில் என்றால், அது தோலைவிடச் சூடு. காற்றும் எடுத்துக்காது, ஒளியாவும் போகாது. இருக்கிற ஒரே வழி வியர்வை. 400 வாட்டை வியர்வையால் மட்டும் தீர்க்க மணிக்கு அரை லிட்டருக்கும் மேல வியர்க்கணும். வியர்த்தா மட்டும் போதாது, அது ஆவியாகி வெளியேறணும். தாள் சட்டைக்குள்ள ஆவி எங்கே போகும்? இட்லிப் பானைதான். ஹீட் ஸ்ட்ரோக் வர எதிரியின் குண்டு தேவையில்லை.

ஆக, நமக்கு வேண்டியது வினோதமான ஒரு துணி. ஒன்பது மைக்ரான் ஒளிக்கு அது பளபளக்கும் தகடாக இருக்கணும். அதே துணி நீராவிக்குத் திறந்த ஜன்னலா இருக்கணும்.

நடக்கிற காரியமா? மைக்ரோவேவ் அடுப்பின் கதவைப் பாருங்க. கண்ணாடிக்குள் ஓட்டை ஓட்டையா ஒரு தகடு இருக்கும். உள்ளே வேகும் சோறு நமக்குத் தெரியுது, ஆனா மைக்ரோவேவ் வெளியே வராது. அந்த அலை 12 சென்டிமீட்டர், ஓட்டை ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர். தன்னைவிட ரொம்பச் சின்ன ஓட்டை எதுவுமே அந்த அலைக்கு ஓட்டையாகத் தெரியாது, வெறும் சுவர்தான். கரூர்ல நெய்யும் கொசுவலை மாதிரின்னு வெச்சுக்குங்க. கொசுவுக்குச் சுவர், காற்றுக்கு வாசல்.

இதையே ஒன்பது மைக்ரான் கொசுவுக்குச் செய்யணும்னா வலையின் கண் ஒரு மைக்ரானுக்குள்ள இருக்கணும். நீர் மூலக்கூறோ ஒரு நானோமீட்டரில் மூணில் ஒரு பங்குகூட இல்லை, அதாவது மைக்ரானில் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுக்கு அந்த ஓட்டை நாலுவழிச் சாலை. 2014ல் ஸ்டான்ஃபோர்டில் யீ சுய் என்ற விஞ்ஞானியின் குழு, சாதாரணத் துணியை வெள்ளி நானோ கம்பிக் கரைசலில் முக்கி இதைச் செய்து காட்டுச்சு. கம்பிகளுக்கு இடையே சில நூறு நானோமீட்டர் இடைவெளி. உடம்பின் வெப்ஒளியைத் திருப்பி அடிக்கும், ஆவியை விட்டுடும். அவங்க செஞ்சது குளிர்நாட்டில் ஹீட்டர் செலவைக் குறைக்க. ஆனா தத்துவம் அதேதான்.

இங்கேதான் நானோ இழை ஹீரோவாக நுழையுது. தலைமுடி 80 மைக்ரான் தடிமன்னா, இது 0.2, 0.3 மைக்ரான். நூற்பாலையில் இதை நூற்க முடியாது. பஞ்சு மிட்டாய்க்காரர் சுத்துவாரே, அந்த மாதிரி ஒரு கூத்து வேணும். பாலிமர் கரைசலை ஊசி சிரிஞ்சில் எடுத்து, ஊசி முனைக்கும் எதிரே இருக்கும் தகட்டுக்கும் நடுவே 10, 20 ஆயிரம் வோல்ட் மின்சாரம் கொடுப்பாங்க. முனையில் துளி கூம்பா நீளும், அதிலிருந்து ஒரு தாரை பீய்ச்சும், சாட்டை மாதிரி சுழன்று இழுபட்டு, போற வழியிலேயே காய்ஞ்சு தகட்டில் வலையா வந்து உட்காரும். பேர் எலக்ட்ரோ ஸ்பின்னிங். ஏதோ நேத்து வந்த சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. 1902லேயே ஜான் கூலி என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிட்டார். 1934ல் ஆன்டன் ஃபார்ம்ஹால்ஸ் நூலே எடுத்தார். சோவியத் நாட்டில் வாயு முகமூடி வடிகட்டிக்கு இதைப் பயன்படுத்தினாங்க. அப்புறம் ரொம்ப நாள் தூங்கி, 1990களில் 'நானோ'ங்கிற மந்திரச் சொல் வந்ததும் எழுந்து உட்கார்ந்துச்சு.

ஒரு சின்னக் கணக்கு, மயக்கம் போடாதீங்க. 0.2 மைக்ரான் தடிமனில் ஒரே ஒரு கிராம் இழை நூற்றால், நீளம் 26,000 கிலோமீட்டருக்கு மேல வரும். பூமியைச் சுத்த பாதி தூரத்தைத் தாண்டியாச்சு. அவ்வளவு இழையும் ஒரு கிராம்! அந்த நெரிசலில் ஓட்டைகள் தானா மைக்ரானுக்குக் கீழே வந்துடுது. மேலே வெள்ளி, செம்பு ஏதாவது பூசினா கேமராவுக்குத் தகடு. கரைசலிலேயே வெவ்வேறு சரக்கைக் கலந்தா மழை நீர் ஒட்டாது, கிருமி வளராது. ஒரு துணிக்குள்ள நாலு வேலை. 'மல்டி ஃபங்ஷனல்'னு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் கொட்டை எழுத்துல போடுவது இதைத்தான்.

கட்டுரைகளில் இன்னொண்ணும் அடிக்கடி வரும். மெழுகு மாதிரி உருகும் பொருளை இழைக்குள் அடைச்சு, உடம்புச் சூட்டை அது உறிஞ்சிக்கும் என்பார்கள். கேட்க ஜோரா இருக்கு. கையில் பேனாவை எடுங்க. ஒரு கிராம் மெழுகு உருக சுமார் 200 ஜூல். சட்டை முழுக்க 200 கிராம் அடைச்சா 40,000 ஜூல். சிப்பாய் தள்ளுவது 400 வாட். ஒட்டுமொத்தச் சூட்டையும் அது வாங்கினா 100 விநாடியில் மெழுகு காலி! ரெண்டு நிமிஷம்கூட இல்லை. அசையாம பதுங்கி இருப்பவருக்குக் கொஞ்சம் கூடுதலா கிடைக்கும். அதனால 'வெப்பத்தை மாயமாக்கும் துணி'ன்னு யாராவது எழுதினா, என் கருத்து, அந்தப் பக்கத்தில் பஜ்ஜி மடிக்கலாம். வெப்பம் மாயமாகாது. தள்ளிப்போடலாம், வேற வழியில் அனுப்பலாம். அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. ஒளிஞ்சுக்கிறதுன்னா குளிர்ச்சியா தெரியணும்னு அர்த்தம் கிடையாது. மே மாதம், சாயங்காலம், திருச்சி மலைக்கோட்டை. பகலெல்லாம் வெயில் குடிச்ச பாறை நம்மைவிடச் சூடா இருக்கும். தெர்மல் கேமராவில் பாறைதான் பளிச், படியேறும் நாம கறுப்பு நிழல்! அதே பாறை விடியற்காலையில் குளிர்ந்துடும், நாம பளிச். நடுவே ஏதோ ஒரு நேரத்தில் ரெண்டும் ஒரே சூட்டுக்கு வரும்போது ஆளும் பாறையும் கலந்து போயிடும். அப்படின்னா ஒரே அளவில் பளபளக்கும் சட்டை போட்டவர் திறந்தவெளியில் குப்புறப் படுத்தா, முதுகு குளிர்ந்த வானத்தைத்தான் பிரதிபலிக்கும். வயலில் ஆள் உருவத்தில் ஒரு குளிர் ஓட்டை. ட்ரோன்காரனுக்கு அதுவே போதும்.

அதனால பச்சை, பழுப்புத் திட்டுகள் மாதிரி, வெப்பத்திலும் திட்டுத் திட்டா வேணும். ஓர் இடம் தாராளம், ஓர் இடம் கஞ்சன். நேரத்துக்கு ஏத்த மாதிரி மாறவும் செஞ்சா இன்னும் பிரமாதம். 2018 இதுக்கு நல்ல ஆண்டு. கணவாய் மீன் தோலைப் பார்த்து, மின்சாரம் கொடுத்தா சுருங்கி விரிந்து வெப்ஒளியைத் திருப்பும் பரப்பை கலிஃபோர்னியாவில் அலோன் கோரடெட்ஸ்கி குழு செஞ்சது. துருக்கியில் பிறந்த ஜோஷ்குன் கோஜாபாஷின் குழு, கிராஃபீன் அடுக்குக்கு சில வோல்ட் கொடுத்து உமிழ்திறனை ஏத்தி இறக்கிக் காட்டுச்சு. சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் துருவக் கரடி முடி மாதிரி உள்ளே காற்றறைகள் கொண்ட இழையை நெய்து ஒரு முயலுக்குப் போர்த்தினாங்க. கேமராவில் முயலின் தலை தெரிஞ்சது, உடம்பு காணோம்! பாவம் முயல்.

போகிற போக்கில் ஒரு பாயின்ட். வெப்ஒளியை மறைச்சாலும் போதாது. நைட் விஷன் கண்ணாடி பார்ப்பது வேற, ஒரு மைக்ரானுக்குப் பக்கத்தில். பச்சை இலை அந்த ஒளியை ஏராளமாத் திருப்பி அடிக்கும். நம்ம சாதாரண பச்சைச் சாயம் அப்படிச் செய்யாது. அதனால சீருடைச் சாயத்தை இலைக்கு ஒத்த மாதிரி தேர்ந்தெடுக்கணும். அமெரிக்க ராணுவச் சீருடையின் துவைப்பு விதியில் கஞ்சி போடக் கூடாது, வெளுப்பு மினுமினுப்புத் தரும் சோப்பு கூடாதுன்னே இருக்கு. மொடமொடன்னு கஞ்சி போட்டுத் தேய்ச்சா இருட்டில் மாட்டிக்குவீங்க!

துவைப்புன்னதும் ஞாபகம் வருது. உண்மையான முட்டுக்கட்டையே இங்கேதான். ஆய்வகத்தில் காட்டுவதெல்லாம் உள்ளங்கை அளவுத் துண்டு. சிப்பாயின் சட்டை முள்ளில் கிழியணும், பாறையில் உரசணும், வியர்வையில் ஊறணும், சோப்புப் போட்டு அடிச்சுத் துவைக்கணும். முப்பது தடவை துவைச்ச பிறகு அந்த வெள்ளிப் பூச்சு இருக்குமா? அப்புறம் உற்பத்தி. ஒத்தை ஊசியில் மணிக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. செக் நாட்டில் லிபெரெட்ஸ் பல்கலைக்கழகத்தின் கண்டுபிடிப்பை வெச்சு எல்மார்கோ என்ற நிறுவனம் ஊசியே இல்லாம, சுழலும் உருளையிலிருந்து நூற்கும் 'நானோஸ்பைடர்' இயந்திரத்தை 2000களில் கொண்டுவந்த பிறகுதான் மீட்டர் கணக்கில் யோசிக்க முடிஞ்சது. அப்படியும், பீரங்கி வண்டி மேல போர்த்தும் மறைப்பு வலைதான் இன்னிக்குச் சுலபம். வண்டிக்கு வியர்க்காது, வண்டியைத் துவைக்க வேண்டாம்!

நம்ம நாட்டில்? ஜோத்பூரில் 1959லிருந்து இருக்கும் டி.ஆர்.டி.ஓ.வின் பாதுகாப்பு ஆய்வகம் உருமறைப்பில் வேலை செய்யுது. 2024 நவம்பரில் கான்பூர் ஐ.ஐ.டி. 'அனாலக்ஷ்யா' என்ற துணிவகை மறைப்பை வெளியிட்டது. அது முக்கியமா ரேடாருக்குத் தண்ணி காட்டுவது. 2022 ராணுவ தினத்தில் வந்த புதுச் சீருடைக்கான டிசைன் வேலையில் நிஃப்ட் நிறுவனமும் இருந்தது. துணி பருத்தியும் பாலியெஸ்டரும் 70க்கு 30. நானோ கீனோ எல்லாம் கிடையாது, நடந்தா காத்து வரணும் என்பதுதான் அதில் முதல் கவலை. சரியான கவலை.

இப்போ அப்பாவின் கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலை ஆவடியில் 1961லிருந்து இருக்கு. திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரியில் தொடங்கி வெச்சதே திருச்சியில்தான். சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சின்னு அஞ்சு ஊர் அதில். கோவையில் 1956லிருந்து 'சிட்ரா' ஜவுளி ஆராய்ச்சி மையம். தொழில்நுட்ப ஜவுளிக்காக மத்திய அரசு 2020ல் 1,480 கோடி ரூபாயில் ஒரு திட்டமே அறிவிச்சது. துப்பாக்கி, தறி, ஊசி எல்லாம் பஸ் தூரத்தில் இருக்கு.

இந்தச் சட்டைக்கு இன்னிக்கு என்ன தடைன்னு மேலே பார்த்தோம். துவைத்தால் போகுது, உரசினா உதிருது, மீட்டர் கணக்கில் வரலை, தைத்தா தையல் ஓட்டை வழியா வெப்பம் கசியுது. இதில் எதையும் இயற்பியல் பேராசிரியர் தனியா தீர்க்க முடியாது. இழை, நூல், நெசவு, சாயம், தையல் தெரிந்தவர் தீர்க்கணும். அது டெக்ஸ்டைல் டெக்னாலஜி படிச்சவரின் வேலை. அப்பா கேட்ட 'நெய்யறதுக்கு எதுக்கு நாலு வருஷம்' என்பதில் நியாயம் இருக்கு. சேலைக்கு வேண்டாம், தறியே கத்துக் கொடுத்துடும். இதுக்கு நாலு வருஷம் பத்தவே பத்தாது, மேல எம்.டெக். வேணும்.

ராணுவம்னா வேண்டாம், மனசு ஒப்பலைன்னு தங்கச்சி சொன்னா அதுவும் சரிதான். இதே அறிவியலைத் திருப்பிப் போட்டா வேற துணி கிடைக்கும். அதே ஸ்டான்ஃபோர்டு குழு 2016ல் லித்தியம் பேட்டரிக்குள் வைக்கும் ஓட்டை பாலித்தீனைத் துணியாக்கினாங்க. பாலித்தீன் வெப்ஒளிக்குக் கண்ணாடி மாதிரி, உடம்புச் சூட்டைத் தடுக்காம வெளியே விடும். பருத்தி போட்டதைவிட தோல் சுமார் 2 டிகிரி குளிர்ந்தது. அடடான்னு குதிக்காதீங்க. சுற்றுப்புறம் தோலைவிடக் குளிர்ச்சியா இருந்தாத்தான் இது பலிக்கும். ஏ.சி. ஆபீசுக்கு ஓகே. உப்பிலியபுரம் வயலில் கத்திரி வெயிலில் களை எடுக்கும் அம்மாவுக்கு இது வெளியே இருக்கும் சூட்டைத்தான் உள்ளே விடும். அவங்களுக்கான துணி வெயிலைத் திருப்பி அடிச்சு, வியர்வையை வெளியே விட்டு, ரேஷன் கடை விலையில் வரணும். அதை இன்னும் யாரும் நெய்து அங்கே கொண்டுவந்து கொடுக்கலை.

கவுன்சலிங்கில் காலேஜைத் தேர்ந்தெடுக்கும் முன்னாடி தங்கச்சி நேரில் போய் மூணு விஷயம் பார்க்கட்டும். கிண்டி ஏ.சி.டெக், கோவை பி.எஸ்.ஜி., குமரகுரு, எதுவானாலும் சரி. துணி சோதனைக் கூடம் இருக்கா, துவைப்பு, உரசல் சோதனை இயந்திரம் தூசி படிஞ்சு கிடக்கா, நிஜமாவே ஓடுதா? எலக்ட்ரோ ஸ்பின்னிங் கருவியைத் தொட மாணவர்களை விடுவாங்களா, இல்ல விருந்தாளி வந்தா திறந்து காட்டும் ஷோகேஸ் பொருளா? மூணாவது, சீனியர்கள் கடைசி வருஷ புராஜெக்ட்டில் என்ன செஞ்சாங்கன்னு லைப்ரரியில் கேட்டு வாங்கிப் புரட்டட்டும். பத்து புராஜெக்ட்டும் 'டி-ஷர்ட் தொழிற்சாலையில் செலவைக் குறைப்பது எப்படி'ன்னு ஒரே மாதிரி இருந்தா, அடுத்த காலேஜுக்கு பஸ் ஏறிடலாம்.

சேறு பூசிப் பார்க்கிற ஆசை இருந்தா மட்டும் தம்பி அதைப் புளியஞ்சோலை பக்கம் வெச்சுக்கட்டும். கழுவ ஆத்துத் தண்ணி இருக்கும்.